இருமினால் கசிகிறதா? இடுப்புத்தளத் தசையைப் பழக்கும் முறை

போன பங்குனியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வயது 52. விடிகாலையில் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர். சீட்டில் முதுகுவலி என்றுதான் எழுதியிருந்தது. முதுகைப் பார்த்து முடித்த பிறகு, "இருமினா, தும்மினா ஒண்ணுக்கு வந்துருதாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எட்டு வருசமா இருக்கு தாயி. பஸ்ல போகணும்னா முத நாளு ராத்திரியே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருவேன்" என்றார். அவர் கட்டியிருந்தது கரும்பச்சைச் சேலை. வெளிர் நிறத்தில் சேலை எடுத்தே வருடக்கணக்காகிறது என்றும் அவரே சொன்னார்.

மதுரையில் 16 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. முழங்கால், கழுத்து, பக்கவாதம், எலும்பு முறிவு, இவ்வளவுதான் என் வேலை என்று இருந்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கே கசிய ஆரம்பித்தது. மூத்தவளைத் தூக்கினால் கசியும், படியில் வேகமாக இறங்கினால் கசியும். பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னபோது, "ரெண்டு பிள்ளை பெத்தா அப்படித்தான், பழகிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தசையைப் பற்றியே படித்த நானும் ஒரு வருடம் அதை நம்பி, நாப்கின் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த ஒரு வருடம் வீணாகப் போனது. அப்படி ஒரு வருடம் உங்களுக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடுப்புத்தளத் தசை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் தூளியைத்தான் சொல்வேன். முன்னால் அடிவயிற்றின் கீழே கையில் தட்டுப்படுகிற அந்தரங்க எலும்பில் ஒரு முனை, பின்னால் வால் எலும்பில் இன்னொரு முனை, இரண்டு பக்கமும் இடுப்பு எலும்பு. நடுவில் சேலைத் தூளி மாதிரி தொங்குகிற தசைகள். அந்தத் தூளியில்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. ஆண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை, சிறுநீர்ப்பைக்கு அடியில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது, மற்றபடி தூளி ஒன்றுதான். சிறுநீர், மலம், காற்று வெளியேறும் வழிகள் இந்தத் தூளியைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. அதனால் தாங்குவது, மூடுவது, திறந்துவிடுவது எல்லாமே இதன் வேலை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தூளி கொஞ்சம் கீழே இறங்கும், வெளியே விடும்போது மேலே ஏறும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை.

அர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் இந்தத் தசைக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். அதனால் அவர் பெயரிலேயே கீகல் பயிற்சி என்று சொல்கிறார்கள். இப்போது எல்லோருடைய போனிலும் "கீகல் பண்ணுங்க, இறுக்குங்க" என்று வீடியோ வருகிறது. என் சண்டை அங்கேதான். இறுக்கு இறுக்கு என்கிறார்களே தவிர, விடு என்று யாரும் சொல்வதில்லை. தூளி தொய்ந்து போனவர்களும் என்னிடம் வருகிறார்கள், தூளி விறைத்துப்போய் இறங்கவே மாட்டேன் என்கிறவர்களும் வருகிறார்கள். இரண்டாவது வகைக்காரர்கள் இறுக்கிப் பழகினால் தொல்லை கூடும். அதனால் முதலில் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்.

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, இந்த நேரங்களில் கசிந்தால் பெரும்பாலும் தொய்வு. சாயங்காலமானால் அடியில் ஏதோ பந்து மாதிரி இறங்கி நிற்கிறது, படுத்தால் சரியாகிறது என்றால் அது அடி இறக்கம், அதாவது தூளியில் இருக்கிற உறுப்பு கீழே இறங்குவது. அதற்கும் தொய்வு ஒரு காரணம். சிறுநீர் ஆரம்பிக்கவே நேரமாகிறது, விட்டு விட்டு வருகிறது, முக்கினால்தான் மலம் வருகிறது, வால் எலும்பைச் சுற்றி வலிக்கிறது, தாம்பத்தியத்தில் வலி உயிர் போகிறது என்றால் இறுக்கமாக இருக்கலாம். சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் இறுக்கும் பயிற்சியைத் தொடாதீர்கள். கீழே சொல்கிற மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்துகொண்டு, நேரில் ஒருமுறை காட்டுங்கள்.

தசையைக் கண்டுபிடிப்பது

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். பாதம் தரையில் இருக்கட்டும். ஒரு கை வயிற்றின் மேல். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள், வயிறு உயரட்டும். அப்போது அடியில் எல்லாம் தளர்ந்து, பாயை நோக்கி இறங்குகிற மாதிரி விடுங்கள். மூச்சை வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை இதுவே போதும். அவசரமே வேண்டாம்.

இப்போது நாலு பேர் இருக்கிற இடத்தில் காற்று பிரியப் போகிறது, அதை அடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுருங்குகிறதே, அதுதான் தசையின் பின்பக்கம். அதோடு சேர்த்து சிறுநீரையும் நிறுத்துவது மாதிரி முன்னாலும் சுருக்கி, மொத்தமாக உள்ளே, மேலே இழுங்கள். வெளியே பார்க்கிறவருக்கு நீங்கள் எதுவும் செய்வது தெரியக்கூடாது. பிட்டம் கெட்டியானால், தொடை ஒட்டினால், மூச்சு நின்றால், வயிறு முன்னால் தள்ளினால் அது வேறு தசை. வயிறு தள்ளுவதுதான் இதில் மோசமானது, மேலே இழுக்க வேண்டியதைக் கீழே முக்கித் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். உள்ளாடைக்கு மேலேயே, பின்துவாரத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். சரியாகச் செய்தால் அந்த இடம் விரலை விட்டு உள்ளே போகும். விரலைத் தள்ளினால் நிறுத்திவிட்டு மறுபடி மூச்சிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆண்களுக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கச் சொல்வேன். சரியாகச் சுருக்கினால் ஆணுறுப்பு கொஞ்சம் உள்ளே இழுபடும், விதைப்பை மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உடம்பு சுருங்குமே, அந்த மாதிரி.

ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்க்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். அதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை காலியாகிற நேரத்தில் தசை தளர வேண்டும் என்பதுதான் உடம்பின் ஏற்பாடு. தினமும் அதைக் குழப்பினால் முழுதாகக் காலியாகாமல் நின்றுபோகும்.

பயிற்சி

தசை பிடிபட்டதும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே சுருக்கி மேலே இழுங்கள். எத்தனை வினாடி நிற்கிறதோ அத்தனை வினாடி. ஆரம்பத்தில் இரண்டு மூன்று வினாடியில் நழுவிவிடும். என் பூக்கார அம்மாவுக்கு இரண்டுதான் நின்றது. பிடித்திருக்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு நிற்காது. அப்புறம் முழுதாக விடுங்கள். பிடித்த நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதைவிடக் கூடுதலாக. தசை இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது. பாதி விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறவர்களுக்கு இரண்டு வாரத்தில் அடிவயிறு வலிக்க ஆரம்பிக்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: விடுவதும் பயிற்சிதான்.

இப்படி 8 முறை. பிறகு, இழுத்த உடனே விடுகிற வேகமான சுருக்கம் 8 முறை. இது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. முதல் இரண்டு வாரம் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. பிடிக்கும் நேரத்தை வாரத்துக்கு ஒரு வினாடி கூட்டி 8 அல்லது 10 வரை கொண்டுபோகலாம். குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தசை வலுவாக அவ்வளவு காலம் பிடிக்கும். வேறு வழியில்லை. காலையில் பால் காயும்போது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது, ராத்திரி படுக்கையில் என்று ஏற்கெனவே இருக்கிற வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது.

அடுத்தது, பலருக்குச் சில வாரங்களிலேயே பலன் காட்டுகிற ஒரு பழக்கம். இருமல் வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் முதலில் சுருக்கிக்கொண்டு, பிறகு இருமுங்கள். தும்மலுக்கும், நாற்காலியிலிருந்து எழுவதற்கும், குடம் தூக்குவதற்கும் அதேதான். குடத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் வயிற்றின் அழுத்தம் எல்லாம் தூளியில் விழும். முதலில் இடுப்புத்தளத்தைச் சுருக்கி, ஊதிக்கொண்டே தூக்குங்கள். குழாயடியிலிருந்து முழுக் குடமாக ஒரு நடை வருவதைவிட அரைக் குடமாக இரண்டு நடை வரலாம். பூ எடுக்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும் குனிந்தே இருக்காமல், நிமிர்ந்து நாலு மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிய வேண்டும்.

அவசரமாக வந்துவிடுகிறவர்களுக்கு

சாவியைப் பூட்டில் வைத்த உடனே முட்டிக்கொண்டு வரும், கதவு திறப்பதற்குள் நனைந்துவிடும். இது வேறு கதை. இங்கே தொல்லை சிறுநீர்ப்பை முன்கூட்டியே சுருங்குவதில் இருக்கிறது. அந்த நேரம் ஓடாதீர்கள். ஓடினால் உறுதியாகக் கசியும். நின்ற இடத்தில் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். ஐந்தாறு முறை வேகமாகச் சுருக்கி விடுங்கள். குதிகாலைத் தூக்கி நிற்பதும் உதவும். அந்த வேகம் அலை மாதிரி, ஏறிவிட்டு இறங்கும். இறங்கிய பிறகு சாதாரணமாக நடந்து போங்கள். மணிக்கொரு தரம் போகிறவராக இருந்தால் இந்த வாரம் ஒன்றே கால் மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம் என்று தள்ளிப்போடுங்கள். பெரியவர்களுக்குப் பகலில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நல்ல இடைவெளி. "எதுக்கும் போயிட்டு வந்துருவோம்" என்று வராதபோதும் போகிற பழக்கத்தை விடுங்கள், பை சின்ன அளவுக்கே பழகிவிடும்.

தண்ணீரைக் குறைப்பதுதான் நம் ஊரில் நான் பார்க்கிற பெரிய தவறு. சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற பெண்கள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையிலிருந்து, மறுநாள் அவர் வைகை ஆற்றில் இறங்கி முடிகிறவரை வாயில் தண்ணீர் படாமல் நிற்பார்கள். போக இடமில்லை, என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் திக்காகிப் பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும், நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும். வேலை, வெயிலைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், நம் கோடையில் அதற்கும் மேல் வேண்டும். மொத்தமாகக் குடிக்காமல் பகல் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். ராத்திரி எழுந்துகொள்கிற தொல்லை இருந்தால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தலாம். டீ, காபியைத்தான் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர் இரண்டாக்கினாலே வித்தியாசம் தெரியும். இதய நோய், சிறுநீரக நோய்க்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான்.

மலச்சிக்கலையும் சேர்த்துச் சரிசெய்யாமல் இந்தப் பயிற்சி பலிக்காது. முக்குவது ஒவ்வொரு முறையும் தூளியைக் கீழே இழுக்கிறது. நம் பழைய கக்கூஸில் குந்தி உட்காருவது நல்ல முறை. முழங்கால் முடியாதவர்கள், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தவர்கள், காலுக்கடியில் ஒரு சின்ன மணையோ பிளாஸ்டிக் முக்காலியோ போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரும்படி வைத்து, முன்னால் சாய்ந்து முழங்கையை முழங்கால் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். வயிற்றை அகலமாக்கி, வாயைத் தளர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே விடுங்கள். கீரை, கொய்யா, வாழைத்தண்டு நம் சந்தையிலேயே கிடைக்கிறது.

வயதுக்கு ஏற்றபடி

பிள்ளைகளிடம் நான் "இறுக்கு" என்று ஆரம்பிப்பதே இல்லை. செல்லூரிலிருந்து எட்டு வயதுப் பெண்ணை அவள் அப்பத்தா கூட்டிவந்தார். ராத்திரி படுக்கை நனைகிறது, பகலிலும் ஜட்டி ஈரம். விசாரித்தால், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை போவதே இல்லை. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறாள். குழந்தையின் பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் வரும். எட்டு வயதுக்கு 270. எட்டு மணி நேரச் சிறுநீரை அதில் எப்படி வைப்பாள்? அடக்கி அடக்கித் தசை விடவே மறந்துவிடுகிறது. அவளுக்குச் செய்ததெல்லாம் முதலில் மலச்சிக்கலுக்கு டாக்டரிடம் மருந்து, டீச்சரிடம் பேசி இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் அனுப்பச் சொன்னது, வீட்டில் காலுக்கு மணை போட்டு, முழங்காலை அகட்டி, மெதுவாக ஊதிக்கொண்டே போகப் பழக்கியது. அப்பத்தாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஈரப் பாயை வாசலில் காயப்போட்டுத் திட்டாதீர்கள். பகல் ஈரம் இரண்டு மாதத்தில் நின்றது. ராத்திரி ஈரம் நிற்க இன்னும் நாளானது. ஐந்து வயதுக்குள் படுக்கை நனைவதை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாணமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆன பெண்கள் சிலர் கதவைச் சாத்திய பிறகுதான் அழுவார்கள். கணவரோடு சேர முடியவில்லை, தசை பூட்டிக்கொள்கிறது. வீட்டில் எல்லோரும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் அந்தப் பெண்ணின் தப்பும் இல்லை, கணவரின் தப்பும் இல்லை. பயத்தில் தானாக இறுகுகிற தசை இது, சரியாகக் கூடியது. முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மூச்சு, தளர்வு, அவள் வேகத்துக்கு ஏற்ற படிப்படியான பழக்கம், தேவையானால் மனநல ஆலோசனை. அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு முயற்சி செய்ய வேண்டாம். வலி, தசையை இன்னும் பூட்டும்.

பிரசவித்தவர்கள், சுகப்பிரசவமோ சிசேரியனோ, யூரின் டியூப் எடுத்து, தானாகச் சிறுநீர் பிரிய ஆரம்பித்ததும் படுத்தபடியே மென்மையாகத் தொடங்கலாம். தையல் இருந்தாலும் மெல்லச் சுருக்குவதால் பிரியாது, ரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடியும். வலித்தால் மட்டும் நிறுத்துங்கள். சிசேரியன்தானே, எனக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். பத்து மாதம் சுமந்ததும் அதே தூளிதான். பச்சை உடம்பு என்று தண்ணீர் கொடுக்காமல் இருக்கிற வீடுகளில் நான் மாமியார்களிடம் மன்றாடியே கேட்பேன், தாராளமாகக் கொடுங்கள், பால் கொடுக்கிறவளுக்குக் கூடுதலாக வேண்டும் என்று. வயிற்றுக்குச் சேலை கட்டுவதாக இருந்தால் மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் ஓட்டம், குதிப்பு, கனமான தூக்கு வேண்டாம்.

புராஸ்டேட் ஆபரேஷன் ஆன ஆண்கள் கசிவைப் பற்றிப் பெண்களைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள். மாட்டுத்தாவணியிலிருந்து வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு டிரைவர் அய்யா, வேட்டி நனைகிறது என்று மூன்று மாதம் பேரன் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் அதற்கு முன்பே தசையைக் கண்டுபிடித்துப் பழகிவிட்டால் பிறகு சுலபம். டியூப் இருக்கும்போது செய்யக்கூடாது. எடுத்த பிறகு ஆரம்பியுங்கள். எழுந்திருக்கும்போதுதான் அதிகம் கசியும், அதனால் சுருக்கிவிட்டு எழுங்கள். சாயங்காலம் தசை அசந்துபோகும், அதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். மாதம் ஆக ஆகக் குறையும்.

மாதவிடாய் நின்றவர்களும் மூத்தவர்களும் பயிற்சியோடு சர்க்கரை, நாள்பட்ட இருமல், உடல் எடை மூன்றையும் பார்க்க வேண்டும். எடை கொஞ்சம் குறைந்தாலே கசிவு குறைகிறது. அடி இறக்கம் சின்னதாக இருந்தால் பயிற்சி தாங்கும். பெரிதாக இருந்தால் உள்ளே வைக்கிற வளையம், அல்லது ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. 80 வயதில் பயிற்சி ஏறாது என்பது பொய். பாத்ரூமுக்குப் போகும் வழியில் விளக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இது இரண்டும் அவர்களுக்குப் பயிற்சி அளவுக்கு முக்கியம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடியில் புதிதாகக் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், இதெல்லாம் இருந்தால் பயிற்சியை வைத்துவிட்டு முதலில் டாக்டர். திடீரென்று சிறுநீர் பிரியவே இல்லை, அல்லது உட்காரும் இடம் மரத்துப்போய் கால் பலவீனமாகிறது, மலம் தெரியாமல் போகிறது என்றால் அது முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

நேரில் வரும்போது

மகப்பேறு அல்லது யூராலஜி (சிறுநீர்ப்பாதை) பிரிவில் காட்டி, "பெல்விக் ஃப்ளோர் பிசியோதெரபி வேண்டும்" என்று இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். செலவுக்கு யோசிக்கிறவர்கள் கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய் முதலில் காட்டலாம். முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். பிறகு வெளியிலிருந்து பார்ப்பார்கள். தசையின் பலம் தெரிய, கையுறை போட்டு ஒரு விரலால் உள்ளே பார்ப்பதும் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கல்யாணமாகாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெளியிலிருந்தே பார்த்துப் பழக்கிவிட முடியும். கூடவே அம்மாவோ அக்காவோ இருக்கலாம், பெண் பிசியோ வேண்டும் என்றும் கேட்கலாம்.

வருவதற்கு முன்பு மூன்று நாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் ஜாடி போதும். பூக்கார அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பேத்தி நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். காலை மூன்று மணிக்கு எழுந்தது முதல் பதினொரு மணி வரை தண்ணீர் என்ற கட்டம் மூன்று நாளும் காலியாக இருந்தது. அவருக்கு வைத்தியத்தை அந்தக் கட்டத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.